உணவுவழி வரும் பாக்டீரியா குடல் செல்லுக்குள் புகும்போது ஆட்டோஃபேஜி அதைத் தடுக்கிறதா, வளர்க்கிறதா?

அஸ்தம்பட்டி மாணவி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தில் நுண்ணுயிரியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உணவின் வழியாக வரும் பாக்டீரியாக்கள் குடல் செல்களுக்குள் எவ்வாறு நுழைகின்றன, அந்த நேரத்தில் செல்லின் ஆட்டோஃபேஜி என்ன செய்கிறது என்பதை ஆண்டிறுதி ஆய்வுக்கான பொருளாக எடுத்திருக்கிறேன். செல் தன் பழுதடைந்த பகுதிகளை இரட்டைச் சவ்வுப் பைக்குள் அடைத்து, செரிப்பு நொதிகள் நிறைந்த லைசோசோமுக்கு அனுப்பிச் செரித்துவிடும் என்பதும், 1963இல் கிறிஸ்டியன் டி டுவ் இதற்கு ஆட்டோஃபேஜி என்று பெயரிட்டதும், ஈஸ்டில் இதற்கான மரபணுக்களைக் கண்டறிந்ததற்காக யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றதும் வகுப்பில் படித்தவை. உள்ளே புகுந்த பாக்டீரியாவையும் செல் இதே வழியில் அழிக்கும் என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்கியதும் குழப்பம் வந்துவிட்டது. ஆட்டோஃபேஜிக்குத் தேவையான ஏடிஜி5 மரபணு நீக்கப்பட்ட செல்களில் சால்மோனெல்லா கூடுதலாகப் பெருகுகிறது என்று ஒரு கட்டுரை சொல்கிறது. ஆட்டோஃபேஜி நன்றாக இயங்கும் செல்களில்தான் அது கூடுதலாகப் பெருகுகிறது என்று இன்னொன்று சொல்கிறது. லிஸ்டீரியாவுக்கோ இது இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வேறுபாடில்லை என்று மூன்றாவது சொல்கிறது. மூன்றும் நல்ல இதழ்களில் வந்தவை. இவற்றை எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்காவது வயிறு கெட்டால் "லங்கணம் பரம ஔஷதம்" என்று பெரியப்பா பட்டினி போடச் சொல்வார். இப்போது அதே அறிவுரை, "ஒரு நாள் பட்டினி இருந்தால் ஆட்டோஃபேஜி கிருமிகளைத் தின்றுவிடும்" என்ற வடிவத்தில் கைப்பேசியில் வந்துகொண்டே இருக்கிறது. வீட்டில் என்னிடம் விளக்கம் கேட்கிறார்கள். பொறுப்போடு பதில் சொல்ல விரும்புகிறேன்.

நுண்நோக்கி எழுதியது:

நான் ஆத்தூர்க்காரன். செல் உயிரியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். சால்மோனெல்லாவைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்; மற்றவற்றை அறிந்தவர்கள் சேர்க்கட்டும்.

முதலில், ஆட்டோஃபேஜி வாசலில் நின்று பாக்டீரியாவைத் தடுப்பதில்லை. சால்மோனெல்லா டைஃபிமூரியம் குடலின் உட்சுவரிலுள்ள எபிதீலியச் செல்லைத் தொட்டதும், ஊசி போன்ற தன் மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பின் வழியாகச் சாப்இ, சாப்பி முதலிய புரதங்களைச் செல்லுக்குள் செலுத்துகிறது. அவை செல்லின் ரேக்1, சிடிசி42 என்னும் சிறு புரதங்களைத் தூண்டுகின்றன. அவற்றால் ஆக்டின் இழைகள் மறுசீரமைந்து செல்சவ்வு மடிப்பு மடிப்பாக எழும்பிப் பாக்டீரியாவை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இவ்வளவும் சில நிமிடங்களில் நடந்துவிடும். உள்ளே வந்த பாக்டீரியா ஒரு சவ்வுக் குமிழிக்குள் இருக்கிறது. அந்தச் சவ்வு முழுமையாக இருக்கும்வரை செல்லின் உள்திரவமான சைட்டோசோலுக்கு அது வந்திருப்பதே தெரியாது.

தெரிய வருவது சவ்வு சேதமடையும்போதுதான். செல்லுக்குள் நுழைய உதவிய அதே ஊசி அமைப்பு குமிழியின் சவ்விலும் துளையிடுவதால், பாக்டீரியாக்களில் ஒரு பகுதியைச் சுற்றியுள்ள குமிழி கிழிகிறது. 2006இல் டொராண்டோவில் ஜான் பிரூமெலின் குழு காட்டியது இதைத்தான்: ஆட்டோஃபேஜி எல்லாச் சால்மோனெல்லாவையும் துரத்திச் செல்லவில்லை, சேதமடைந்த குமிழியில் இருந்தவற்றையே குறிவைத்தது. ஊசி அமைப்பு இல்லாத திரிபுகளிடம் அது பெரும்பாலும் போகவேயில்லை.

சேதத்தைச் செல் எப்படி அறிகிறது என்பது இத்துறையின் மிக அழகான பகுதி என்று நான் கருதுகிறேன். குமிழியின் உட்புறச் சவ்வில் சர்க்கரைச் சங்கிலிகள் உள்ளன. இயல்பான நிலையில் அவை சைட்டோசோலை நோக்கி இருப்பதில்லை. மெத்தையின் பஞ்சு வெளியே தெரிந்தால் உறை கிழிந்துவிட்டது என்று அறிவதைப் போல, அச்சர்க்கரைகள் வெளிப்பட்டவுடன் கேலக்டின்-8 என்னும் புரதம் அவற்றைப் பற்றிக்கொண்டு, என்டிபி52 என்னும் ஏற்பியை அழைக்கிறது. அந்த ஏற்பி ஆட்டோஃபேஜிச் சவ்வில் ஒட்டும் எல்சி3 குடும்பப் புரதங்களோடு இணைந்து அச்சவ்வை அந்த இடத்தில் கட்டியெழுப்பத் துணைபுரிகிறது. கேம்பிரிட்ஜில் ஃபெலிக்ஸ் ரான்டோவின் குழு 2012இல் இதை வெளியிட்டது. அடுத்த கட்டத்தில், சைட்டோசோலுக்கு வந்துவிட்ட பாக்டீரியாவின் மேல் யுபிக்விட்டின் என்னும் சிறு அடையாளப் புரதம் படிகிறது. என்டிபி52, பி62, ஆப்டினியூரின் ஆகிய மூன்று ஏற்பிகளும் அந்த யுபிக்விட்டினைப் படிக்கின்றன. யுபிக்விட்டின் புரதங்களின் மேல்தான் ஒட்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். ஆர்என்எஃப்213 என்னும் நொதி சால்மோனெல்லாவின் வெளிச்சவ்விலுள்ள லிப்பிட்-ஏ பகுதியின் மேலேயே அதை ஒட்டுகிறது என்று 2021இல் அதே குழு காட்டியபோது, அந்த எண்ணமே மாற வேண்டியதாயிற்று.

இதற்குச் சால்மோனெல்லா வைத்திருக்கும் பதில்களும் பல. சவ்வு சேதமடைந்த முதல் மணி நேரங்களில் செல்லுக்குள் அமினோ அமிலப் பற்றாக்குறை போன்ற நிலை ஏற்பட்டு, ஆட்டோஃபேஜியை அடக்கி வைக்கும் எம்டார் அணைகிறது. ஆனால் சில மணி நேரத்தில் சால்மோனெல்லா தொற்றிய செல்களில் எம்டார் மீண்டும் உயிர்பெற்றுவிடுகிறது. அதாவது செல்லுக்குக் கிடைக்கும் கால இடைவெளி குறுகியது. இன்னும் நேரடியான தடை சாப்எஃப் என்னும் புரதம். குமிழி சேதமடையும்போது செல்லின் வி-ஏடிபேஸ் என்னும் அமில ஏற்றி எல்சி3ஐச் சவ்வில் ஒட்ட உதவும் ஏடிஜி16எல்1 புரதத்தை அழைத்து வருகிறது. சாப்எஃப் அந்த ஏற்றியின் ஒரே ஒரு குளூட்டமைனில் வேதிமாற்றம் செய்து அந்த அழைப்பைத் துண்டித்துவிடுகிறது. பெய்ஜிங்கில் ஃபெங் ஷாவோவின் குழு 2019இல் இதைக் கண்டறிந்தது. சாப்எஃப் நீக்கப்பட்ட சால்மோனெல்லாவில் பெரும்பகுதி ஆட்டோஃபேஜிக்குள் சிக்கியது என்பதைப் பார்க்கும்போது, இயல்பான தொற்றில் நாம் காணும் சிறு பகுதி ஏன் சிறிதாக இருக்கிறது என்பது விளங்கும்.

இனி உங்கள் முரண்பாடு. சேதமடைந்த குமிழிக்கு ஆட்டோஃபேஜிப் புரதங்கள் வரும்போது இரண்டு முடிவுகள் சாத்தியம். ஒன்று, பாக்டீரியா அடைக்கப்பட்டு லைசோசோமுக்குப் போகும். மற்றொன்று, கிழிந்த சவ்வு சரிசெய்யப்பட்டு, பாக்டீரியா தனக்குப் பழக்கமான குமிழிக்குள்ளேயே தொடரும். இப்படிப்பட்ட சரிசெய்தல் நடப்பதை 2015இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இதோடு செல்வகையும் சேர்கிறது. எபிதீலியச் செல்லின் சைட்டோசோலில் சால்மோனெல்லா மிக வேகமாகப் பெருகும். கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லின் சைட்டோசோலில் அதற்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஏடிஜி5ஐ நீக்கிய ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் இணைப்புத்திசுச் செல்லில் இரண்டு மணி நேரத்தில் எண்ணியவரும், ஹீலா என்னும் எபிதீலியச் செல்லில் எட்டு மணி நேரத்தில் எண்ணியவரும் ஒரே கேள்விக்கு எதிரெதிர் பதில் சொன்னதாகத் தோன்றினாலும், உண்மையில் அவர்கள் வெவ்வேறு கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். கட்டுரையைக் கையில் எடுத்ததும் எந்தச் செல், எத்தனையாவது மணி, பாக்டீரியா எந்தச் சவ்வுக்குள் இருந்தது ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான முரண்பாடுகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

சேர்வராயன் எழுதியது:

ஏற்காட்டில் வசிக்கிறேன்; கால்நடை நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். நுண்நோக்கி சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் சால்மோனெல்லாவை மட்டும் பார்த்தால், ஆட்டோஃபேஜி அடிப்படையில் ஒரு தற்காப்பு, பாக்டீரியா சில வேளைகளில் அதிலிருந்து தப்புகிறது என்ற படம்தான் மனத்தில் நிற்கும். மற்ற உணவுவழிக் கிருமிகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் படம் நிற்காது.

லிஸ்டீரியா மோனோசைட்டோஜீனஸை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சாத பால், சரியாகப் புளிக்காத கால்நடைப் பதனத் தீவனம், குளிரூட்டிய இறைச்சிப் பண்டங்கள் ஆகியவற்றின் வழியே வருவது. 4 டிகிரி செல்சியஸிலும் மெல்ல வளரக்கூடியது. தென்னாப்பிரிக்காவில் 2017, 2018 ஆண்டுகளில் பதப்படுத்தப்பட்ட ஓர் இறைச்சிப் பண்டத்தால் 1,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கி, 200-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது இதுவே. இறந்தவர்களில் பச்சிளங்குழந்தைகள் பலர் இருந்தனர் என்பதை இந்தக் கிருமியைக் கற்பிக்கும் எவரும் சொல்லாமல் கடக்கக் கூடாது.

இது குடல் செல்லின் ஈ-கேட்ஹெரின் என்னும் மேற்பரப்புப் புரதத்தை இன்டர்னலின்-ஏ என்னும் புரதத்தால் பற்றி நுழைகிறது. எலியின் ஈ-கேட்ஹெரினில் 16ஆம் இடத்தில் மனிதனுக்குள்ள புரோலினுக்குப் பதிலாக குளூட்டாமிக் அமிலம் இருப்பதால் அங்கே இந்தப் பிடி வாய்ப்பதில்லை. சாதாரண எலிக்கு வாய்வழி லிஸ்டீரியா கொடுத்துச் செய்த சோதனைகளைப் படிக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள். உள்ளே வந்ததும் லிஸ்டீரியோலைசின்-ஓ என்னும் நச்சால் குமிழியைத் தானே உடைத்துக்கொண்டு சைட்டோசோலுக்கு வந்துவிடுகிறது. சால்மோனெல்லாவுக்குப் பெரும்பாலும் விபத்தாக நேர்வது, இதற்கு வாழ்க்கைமுறை. அப்படியானால் யுபிக்விட்டின் படிந்து மாட்டிக்கொள்ள வேண்டுமே? அதைத் தடுப்பது ஆக்ட்ஏ. செல்லின் ஆக்டினைத் தன் மேல் போர்த்திக்கொள்ள உதவும் இந்தப் புரதம், பாக்டீரியாவைச் செல்லுக்குள் நகர்த்துவதோடு, ஆட்டோஃபேஜியின் கண்ணிலிருந்தும் மறைக்கிறது. ஆக்ட்ஏ நீக்கப்பட்ட லிஸ்டீரியாவின் மேல் யுபிக்விட்டினும் பி62வும் எல்சி3யும் வந்து சேர்வதை 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மாணவி படித்த மூன்றாவது கட்டுரையின் முடிவுக்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்: மறைப்பு முழுமையாக வேலை செய்யும் இயல்பான கிருமியை வைத்துச் சோதித்தால், ஆட்டோஃபேஜி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும்.

வயிற்றுக்கடுப்பைத் தரும் ஷிகெல்லாவின் தந்திரமும் இதற்கு உறவானதே. அதன் விர்ஜி புரதத்தைச் செல்லின் ஏடிஜி5 நேரடியாகப் பற்றும். ஐசிஎஸ்பி என்னும் வேறொரு புரதம் முன்கூட்டியே அந்த இடத்தை மூடிவிடும். இது 2005லேயே தெரிந்தது.

நான் மேலே மறுத்ததற்கு உரிய எடுத்துக்காட்டு யெர்சினியா சூடோடியூபர்குளோசிஸ். மேக்ரோஃபேஜுக்குள் இது ஆட்டோஃபேஜிப் பைக்குள்ளேயே இருந்துகொண்டு, அந்தப் பை அமிலமாகாமல் தடுத்து, அங்கேயே பெருகுகிறது. தப்பித்தல் என்று இதைச் சொல்ல முடியாது, குடியிருப்பாகவே பயன்படுத்திக்கொள்கிறது. ஃபின்லாந்தில் 2003இல் பள்ளிக் குழந்தைகளிடையே இது பரவியபோது, துருவிய பச்சைக் கேரட்டிலிருந்து வந்ததாகக் கண்டறிந்தார்கள். குளிரிலும் வளரும் கிருமி என்பதால், நெடுநாள் குளிர்கிடங்கில் வைத்த கேரட் அதற்கு ஏற்ற இடம். நம் சேலத்துத் தட்டுவடை செட்டில் துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் பச்சையாகவே வைக்கப்படுகின்றன. அதை விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை, காய்களை நன்கு கழுவித் தோல் சீவி, துருவியதை அன்றைக்கே பயன்படுத்த வேண்டும் என்று கடைக்காரர்களுக்குச் சொல்வது நம் கடமை.

எங்கள் மலையில் அடிக்கடி கேட்கப்படும் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறதே, காய்ச்சிய பாலில் கிருமி சாகுமா என்கிறார்கள். பாஸ்டர் முறைக்கு 72 டிகிரியில் 15 விநாடிகளே போதும் என்பதால் லிஸ்டீரியாவுக்கும் சால்மோனெல்லாவுக்கும் அந்தக் கொதி தாராளம். காய்ச்சாத பாலைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்காமல் இருப்பதே முக்கியம்.

செவ்வாய்ப்பேட்டை மருத்துவர் எழுதியது:

பட்டினி பற்றிய பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் இதனால் தாமதமாக வரும் நோயாளிகளைப் பார்க்கிறேன்.

பட்டினியில் ஆட்டோஃபேஜி கூடுகிறது என்பது உண்மை. ஆனால் அங்கே கூடுவது, ஊட்டத்துக்காகத் தன் சைட்டோசோலையே பொதுவாகச் செரித்துக்கொள்ளும் வகை. மேலே இருவரும் விளக்கியது, சேதமடைந்த சவ்வையும் யுபிக்விட்டினையும் அடையாளம் கண்டு குறிப்பிட்ட இடத்தில் நடக்கும் வகை. முதலாவது கூடினால் இரண்டாவதும் அதே அளவில் கூடும் என்று கொள்ள முடியாது. லிஸ்டீரியாவைப் போல மறைந்துகொள்ளும் கிருமியையோ, சாப்எஃப் வைத்திருக்கும் சால்மோனெல்லாவையோ பட்டினி எப்படிக் கண்டுபிடிக்கும்? 2021இல் கனடாவில் புரூஸ் வாலன்ஸின் குழு, முன்கூட்டியே 48 மணி நேரம் பட்டினி போட்ட எலிகள் வாய்வழிச் சால்மோனெல்லாத் தொற்றைக் குறைந்த அழற்சியோடு தாங்கின என்று எழுதியது; இதையே சிலர் மேற்கோளாகப் பரப்பக்கூடும். ஆனால் குடல் நுண்ணுயிர்கள் இல்லாத எலிகளில் அந்தப் பலன் குறைந்துவிட்டது. அதனால் அவர்கள் அதைப் பெரும்பாலும் குடல்வாழ் நுண்ணுயிர்களோடு தொடர்புபடுத்தினார்கள். மேலும், எலிக்கு 48 மணி நேரப் பட்டினி என்பது மனிதனின் ஒரு நாள் விரதத்தை ஒத்ததல்ல. தொற்று வந்த பிறகு பட்டினி இருப்பதும் வேறு.

உங்கள் பெரியப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: பசி இல்லாதபோது திட உணவைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்ற அளவில் அவர் சொல்வதில் பிழையில்லை, ஆனால் வயிற்றுப்போக்கில் உயிருக்கு ஆபத்து நீரிழப்பால் வருகிறது. ஓஆர்எஸ் கரைசலை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. குழந்தைகளுக்குத் தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் தொடர வேண்டும், துத்தநாக மருந்தும் கொடுக்க வேண்டும். மலத்தில் இரத்தம், தணியாத காய்ச்சல், சிறுநீர் குறைதல் இவற்றில் ஏதேனும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குறிப்பாக நம் பகுதியில் தொடர் காய்ச்சல் என்றால் டைஃபாய்டை நினைக்க வேண்டும். அதைத் தரும் சால்மோனெல்லா டைஃபி மனிதனை மட்டுமே தாக்குவது. இந்த உரையாடலில் சொல்லப்பட்ட ஆய்வுகள் பெரும்பாலும் டைஃபிமூரியத்தில் செய்யப்பட்டவை. அவற்றின் முடிவுகளை அப்படியே டைஃபாய்டு நோயாளிக்குப் பொருத்திவிடக் கூடாது.

ஆட்டோஃபேஜி குடலைக் காப்பதில் உண்மையான பங்கு வகிக்கிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. குடல் எபிதீலியத்தில் மட்டும் ஏடிஜி5 நீக்கப்பட்ட எலிகளில் சால்மோனெல்லா கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் கூடுதலாகப் பரவியது என்று டெக்சாஸில் லோரா ஹூப்பரின் குழு 2013இல் காட்டியது. சால்மோனெல்லா செல்லின் வழக்கமான சுரப்புப் பாதையைக் குலைக்கும்போது, குடலின் பேனெத் செல்கள் ஆட்டோஃபேஜிப் பாதையின் வழியாகவே பாக்டீரியாவைக் கொல்லும் லைசோசைமைக் குடலுக்குள் அனுப்புகின்றன என்பது அதே குழுவின் 2017 கண்டுபிடிப்பு. ஏடிஜி16எல்1 மரபணுவில் குரோன் என்னும் குடல் அழற்சி நோயோடு தொடர்புள்ள ஒரு மாறுபாடு இருந்தால் அந்த மாற்றுப்பாதை பழுதடைகிறது. இவையெல்லாம் பிறவியிலேயே அமைந்த ஏற்பாடுகள். ஒரு நாள் சாப்பிடாமல் இருந்து இவற்றைச் சரிசெய்துவிட முடியாது.

அஸ்தம்பட்டி மாணவி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சேர்வராயன் ஐயா குறிப்பிட்ட எலியின் ஈ-கேட்ஹெரின் வேறுபாட்டை எங்கள் வகுப்பில் யாரும் சொன்னதில்லை. பெரியப்பாவிடம் மருத்துவர் சொன்னதை அப்படியே படித்துக் காட்டப் போகிறேன்.

நுண்நோக்கி ஐயாவிடம் ஒரு கேள்வி. எங்கள் துறையில் கேகோ-2 என்னும் மனிதக் குடல் செல்களும், புரத அளவைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் வசதியும், வலுக்குறைத்த சால்மோனெல்லாத் திரிபு ஒன்றும் உள்ளன. தொற்றிய செல்களில் எல்சி3இன் சவ்வில் ஒட்டிய வடிவமான எல்சி3-II அளவு கூடுகிறதா என்று பார்த்து, கூடினால் ஆட்டோஃபேஜி நடந்திருக்கிறது என்று முடிவு செய்யலாமா?

நுண்நோக்கி எழுதியது:

அந்த முடிவுக்கு அது மட்டும் போதாது. எல்சி3-II கூடுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: புதிய பைகள் கூடுதலாக உருவாகலாம், அல்லது உருவானவை லைசோசோமில் செரிக்கப்படாமல் தேங்கலாம். முதலாவது ஆட்டோஃபேஜி முடுக்கப்பட்டிருப்பதையும் இரண்டாவது தடைபட்டிருப்பதையும் குறிக்கும். பிளாட்டில் இரண்டும் ஒரே தடித்த பட்டையாகத் தெரியும். லைசோசோம் செரிப்பை நிறுத்தும் பஃபிலோமைசின்-ஏ1 சேர்த்த, சேர்க்காத இரண்டு தொகுதிகளையும் அருகருகே வைத்து, தொற்றினால் ஏற்படும் வேறுபாடு மருந்துக்குப் பிறகும் நீடிக்கிறதா என்று பாருங்கள். நீடித்தால் உற்பத்தி கூடியிருக்கிறது என்று கொள்ளலாம். பஃபிலோமைசின் தடுப்பது அதே வி-ஏடிபேஸைத்தான் என்பதால், தொற்றின் தொடக்கத்திலிருந்தே அதைக் கொடுத்துவிடாமல், கடைசி ஓரிரு மணி நேரத்துக்கு மட்டும் கொடுங்கள்.

எல்சி3 ஒட்டியிருக்கும் இடமெல்லாம் இரட்டைச் சவ்வுப் பை என்றும் கொள்ள வேண்டாம். சேதமடைந்த ஒற்றைச் சவ்வுக் குமிழியின் மேலேயே எல்சி3 நேரடியாக ஒட்டுவதுண்டு. சாப்எஃப் துண்டிக்கும் வி-ஏடிபேஸ், ஏடிஜி16எல்1 பாதை அதற்கு உரியதே. ஆட்டோஃபேஜியைத் தொடங்கிவைக்கும் எஃப்ஐபி200 புரதம் இல்லாத செல்லில் வழக்கமான ஆட்டோஃபேஜி நின்றுவிடும், ஆனால் இந்த நேரடி ஒட்டல் நடக்கும். அப்படிப்பட்ட செல்கள் உங்களிடம் இல்லையென்றால், ஆட்டோஃபேஜி என்று எழுதாமல் "எல்சி3 சேர்தல்" என்று மட்டும் எழுதுங்கள். தேர்வாளர் அதை மதிப்பார்.

பாக்டீரியாவை எண்ணுவதற்கு ஜென்டமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைப் பயன்படுத்தும் முறை போதும். அது செல்லுக்குள் எளிதில் புகாததால் வெளியில் எஞ்சியவற்றை மட்டும் கொல்லும். தொடக்கத்தில் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம், பிறகு 10 மைக்ரோகிராம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. இதனோடு இணைத்தட்டுகளில், செல்களை உடைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் மட்டும் குளோரோகுயின் சேர்த்துப் பாருங்கள். அது குமிழிகளுக்குள் செறிந்து அங்குள்ள பாக்டீரியாவைக் கொல்லும், சைட்டோசோலில் உள்ளவை பிழைக்கும். ஆகவே மொத்த எண்ணிக்கையையும் சைட்டோசோல் எண்ணிக்கையையும் தனித்தனியே பெறலாம். குளோரோகுயினும் லைசோசோமைப் பாதிப்பது என்பதால், அந்தத் தட்டுகளை எல்சி3 அளவிடப் பயன்படுத்தாதீர்கள். ஒன்று, நான்கு, எட்டு மணி நேரங்களில் எடுங்கள். ஒரே நேரத்தில் எடுத்த அளவை வைத்து எதையும் எழுத வேண்டாம். திரிபு வலுக்குறைத்தது என்றீர்கள். எந்த மரபணுவை நீக்கி வலுக்குறைத்தார்கள் என்று துறையில் கேட்டு எழுதுங்கள். முதல் ஊசி அமைப்பே அதில் செயலிழந்திருந்தால், இந்தச் சோதனையில் பார்க்க எதுவும் இருக்காது.